தொய்வுக்குத் தனியே இழுக்கக்கூடாத மருந்து

சோளகம் எழும்பி மணல் பறக்கும் மாதங்களில் மன்னார்த் தீவில் தொய்வுக்காரர் பாடு திண்டாட்டம்தான். விறகடுப்புப் புகையும் சிகரெட்டும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். "இதை ஒருக்கா இழுத்துப் பாருங்கோ அக்கா, பன்னிரண்டு மணித்தியாலம் நிக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் பம்பை நீட்டுவது நல்ல மனத்தோடுதான். ஆனால் உள்ளே என்ன மருந்து என்று தெரியாமல் அதை வாங்கி இழுப்பது ஆபத்து.

சல்பியூற்றமோல் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயை விரித்து, நாலைந்து மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். சல்மெற்றரோல், போமொற்றரோல் என்பவை ஏறக்குறைய 12 மணித்தியாலம் வேலை செய்பவை. தயோற்றோப்பியம் ஒரு நாள் முழுதும் தாங்கும். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துவதுதான் இவற்றின் வேலை. தொய்வின் வேரோ குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சி. அதைத் தணிப்பது இழுக்கும் ஸ்டிரொயிட் மருந்து. அது இல்லாமல் நீண்டநேர மருந்தை மட்டும் இழுத்தால் மூச்சு இலகுவாகும், அழற்சியோ உள்ளே வளர்ந்துகொண்டே போகும்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 26,000க்கும் அதிகமான தொய்வு நோயாளருக்கு, அவர்கள் வழக்கமாக எடுக்கும் மருந்துகளோடு சல்மெற்றரோலோ மருந்தற்ற போலிப் பம்போ கொடுக்கப்பட்டது. சல்மெற்றரோல் எடுத்தவர்களில் 13 பேர் தொய்வால் இறந்தனர். மற்றப் பிரிவில் 3 பேர். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2003இல் மருந்தின் விபரத்தாளில் கடும் எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிடச் செய்தது. ஸ்டிரொயிட்டோடு ஒரே பம்பில் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து கூடவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியதால், கூட்டு மருந்துகளுக்கான எச்சரிக்கை 2017இல் நீங்கியது. தனியே எடுப்பதற்கு எதிரான எச்சரிக்கை இன்றும் அப்படியே உள்ளது.

புகையாலும் புகைத்தலாலும் நாள்பட்டுக் கெட்டுப்போன நுரையீரலுக்குக் கணக்கு வேறு. அந்த நோய்க்கு நீண்டநேர மருந்தைத் தனியே கொடுப்பதும் உண்டு. ஆகவே தனக்கு இருப்பது தொய்வா, மற்றதா என்று நோயாளிக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஊரில் இரண்டையும் "முட்டு" என்றே சொல்லிவிடுகிறோம். வாழ்நாள் முழுக்க விறகடுப்பில் சமைத்த, சிகரெட் தொடாத தாய்க்கும் இரண்டாவது நோய் வரலாம். குழாயில் பலமாக ஊதச்செய்து அளக்கும் ஸ்பைரோமெற்றிப் பரிசோதனை இரண்டையும் பிரித்தறிய உதவும். மார்பு நோய்க் கிளினிக்கில் அதைக் கேட்கத் தயங்கவேண்டாம்.

கடற்கரையில் இன்னொரு சிக்கல். தொழிலுக்குப் போகிறவர் தூள் மருந்துக் குளிசையை உறையிலிருந்து பிரித்துச் சட்டைப்பையில் போட்டால், உப்புக்காற்றின் ஈரத்தில் தூள் கட்டிபட்டுவிடும். இழுக்கும் நேரத்திலேயே உறையைப் பிரிக்கவேண்டும். இழுத்தபின் கருவியைத் திறந்து பார்த்து, தூள் மிச்சமிருந்தால் மறுபடி இழுக்கவேண்டும். வாயு அடைத்த பம்பை வள்ளத்தில் வெயில்படும்படி வைக்கக்கூடாது. ஸ்டிரொயிட் இழுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சணம் பிடிக்கும்.

முட்டு கடுமையானால் சல்மெற்றரோல் கைகொடுக்காது. அது வேலை தொடங்கவே 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம்பாரித்தால், சல்பியூற்றமோலுக்கும் அடங்காவிட்டால் உடனே 1990ஐ அழைக்கவேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. காசு இல்லை. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு 30 கிலோமீற்றர் அளவில் இருப்பதால், "விடியட்டும் பாப்பம்" என்பது கூடாது.

அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். ஆனால் 2022 நெருக்கடியில் போல இருப்பு தீர்ந்து, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தரப்படும் நாட்களும் உண்டு. அப்போது கூட்டு மருந்துக்குப் பதிலாகச் சல்மெற்றரோலை மட்டும் வாங்கிச் சமாளிக்கக்கூடாது. பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டிரொயிட் பம்பாவது தரமுடியுமா என்று வைத்தியரிடம் கேட்கவேண்டும். துண்டில் வணிகப்பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதிக்கேட்டால் பாமசியில் விலை குறைந்ததைத் தேடலாம். பற்றுச்சீட்டு வாங்கி வைக்கவேண்டும். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு முறையிடலாம். மருந்தின் தரத்தில் சந்தேகம் வந்தால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்குத் தொகுதி இலக்கத்தோடு எழுதலாம்.

கிளினிக்கில் மருந்து மாதக்கணக்காக இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். கடைசியாக எப்போது, எவ்வளவு வந்தது, அடுத்தது எப்போது கேட்கப்பட்டது என்று வைத்தியசாலையின் தகவல் அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வழமையாகப் பதிலுக்கு 14 வேலைநாள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலம்.