காயத்தில் மருந்து எரிவது ஏன்?



நான் தலைமையாசிரியராக இருந்தபோது, என் அறையிலிருந்த பிரம்பைவிட முதலுதவிப் பெட்டிக்கே பிள்ளைகள் மிகுதியாக அஞ்சினர். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருபவனுக்கு டிஞ்சர் அயோடினைப் பஞ்சில் தோய்த்து வைப்பேன். அவன் துள்ளுவான். “பொறுத்துக்கொள் தம்பி, எரிந்தால்தான் கிருமி சாகிறது என்று பொருள்” என்பேன். என் ஆசிரியர் எனக்குச் சொன்னதும் அதுவே. அந்த எரிச்சலுக்கு அஞ்சி, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலில் ஆணி குத்தியதை மூன்று நாள் மறைத்துவிட்டான். நான்காம் நாள் பாதம் வீங்கிச் சீழ் கோத்தது. மருத்துவமனையில் கீறிக் கட்டினார்கள். நான் சொன்னது உண்மைதானா என்ற ஐயம் எனக்கு அன்றுதான் எழுந்தது.

ஸ்பிரிட்டைப் புறங்கையில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அது ஆவியாகும்போது குளிர்ச்சியே தோன்றும். அதே துளி தோல் கிழிந்த இடத்தில் பட்டால் நெருப்பாய்ச் சுடுகிறது. காரணம், அங்கே நரம்பு முனைகள் மூடுதிரையின்றி வெளிப்பட்டு நிற்கின்றன. அம்முனைகளில் ஒருவகைப் புரதம் காவல் காக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூடு தாக்கினால், ‘சுடுகிறது’ என்று அது மூளைக்குச் செய்தி விடுக்கும். மிளகாயின் காரம் பட்டாலும் அதே செய்திதான். மிளகாய் அரைத்த கை எரிவதேன் என்று கேட்ட நம் தாய்மார்களுக்கு விடை இதுவே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜூலியஸும் அவர் குழுவினரும் 1997-இல் இப்புரதத்தைக் கண்டறிந்தனர். 2021-இல் அவர் ஆர்டெம் பட்டாபூட்டியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆல்கஹால் இக்காவலாளியை மருட்டிவிடுகிறது. 43 டிகிரியில் எழுப்பவேண்டிய கூக்குரலை, ஏறத்தாழ 34 டிகிரியிலேயே எழுப்பச் செய்கிறது. நம் உடலின் வெப்பமோ 37 டிகிரி! ஆக, காயத்தில் நாம் உணரும் நெருப்பு வெளியிலிருந்து வந்ததன்று. நம் உடலின் இயல்பான வெப்பமே நெருப்பாகத் தோன்றுகிறது. கிருமி சாவதற்கும் இவ்வெரிச்சலுக்கும் தொடர்பில்லை. கிருமியே இல்லாத காயத்திலும் ஸ்பிரிட் எரியும்.

டிஞ்சர் அயோடின் எரிவதற்கும் அயோடினைக் கரைத்துவைத்த ஆல்கஹாலே பெரும் காரணம். நீரில் கரைந்த போவிடோன் அயோடின் கிருமிகளை நன்றாகவே கொல்லும், எரிச்சலோ சிறிது. ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கி நுரைப்பதைக் கண்டு, கிருமிகள் மடிகின்றன என்று மகிழ்வோரும் உண்டு. நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள ஒரு நொதி அதனைப் பிரிக்க, ஆக்சிஜன் குமிழ்கள் எழுகின்றன. நுரையின் கதை அவ்வளவுதான். ஸ்பிரிட்டும் பெராக்சைடும் கிருமிகளோடு காயத்தை ஆற்ற வரும் புதிய உயிரணுக்களையும் கெடுப்பதால், திறந்த காயத்தில் அவற்றை ஊற்றுவதை மருத்துவர்கள் இன்று விரும்புவதில்லை. சிறு சிராய்ப்பைத் தூய நீரால் நன்கு கழுவி, சுற்றிலும் சோப்பிட்டுத் துடைத்தாலே போதும் என்கின்றனர்.

ஓய்வு பெற்றபின் அம்மாணவனைக் கடைத்தெருவில் கண்டேன். இவற்றையெல்லாம் சொல்லி, அன்று சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டேன். “அப்படியானால் ஐயா, அன்று தண்ணீரில் கழுவியிருந்தாலே போதுமா?” என்று கேட்டான்.

“சிராய்ப்புக்குப் போதும். உன்னுடையது ஆணிக் காயம், உடனே மருத்துவரிடம் காட்டி, ரண ஜன்னித் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்” என்றேன்.