வெப்பத்தை வெல்லும் பல்பகுதியம்

பிபிலையிலிருந்து லுணுகலை ஊடாகப் பசறைக்கு ஏறும் வீதியில் ஹைபிரிட் வாகனங்கள் இன்று சாதாரண காட்சியாகிவிட்டன. அவற்றின் பற்றரி பற்றிப் பலரும் பேசுகின்றனர். பற்றரிக்கும் மோட்டாருக்கும் இடையே, இன்வேட்டரினுள் இருக்கும் கொள்ளளவியை அறிந்தோர் சிலரே.

பற்றரி இரசாயன முறையில் சக்தியைச் சேமிக்கின்றது. கொள்ளளவியோ இரு உலோகப் படலங்களுக்கிடையே மின்புலமாகத் தேக்கிக் கணப்பொழுதில் வெளியிடுகின்றது. அப்படலங்களைப் பிரித்து நிற்கும் காவலிப் பொருளே மின்னுழையம். பொலிபுரொப்பிலீன் எனும் மெல்லிய பிளாஸ்டிக் தாளே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. அது மலிவானது, சக்தி இழப்பும் குறைவு.

ஆனால் வெப்பமே அதன் பகை. 85 பாகை செல்சியஸைத் தாண்டினால் வோல்ற்றளவைக் குறைக்க வேண்டும். 105 பாகைக்கு மேல் அதனை நம்ப இயலாது. வெப்பம் ஏற மின்கசிவு பெருகும். கசிவு மேலும் வெப்பமூட்டும். ஈற்றில் தாள் துளைபடும். இன்வேட்டரின் சுற்றுப்புறம் 140 பாகை வரை சூடாகக்கூடும் என்பதால் தனியான குளிரூட்டும் தொகுதி தேவைப்படுகின்றது. நீண்ட ஏற்றத்தில் அது பழுதானால் வாகனம் நடுவழியில் நின்றுவிடும். எனவே மலைப்பாதைச் சாரதிகள் இன்வேட்டரின் குளிரூட்டித் திரவத்தைத் தவறாது கவனிப்பது அவசியம்.

பொலிஇமைட்டு போன்ற பல்பகுதியங்கள் வெப்பத்தில் உருகா; எனினும் உயர் மின்புலத்தில் கசிவு அவற்றையும் விட்டபாடில்லை. 2015இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறுக்குப் பிணைப்புக் கொண்ட பல்பகுதியத்தில் போரன் நைட்ரைட்டு நனோ தகடுகளைக் கலந்தனர். அத்தகடுகள் கசிவைத் தடுத்து வெப்பத்தையும் கடத்தியதால், அக்கலவை 250 பாகையிலும் தொழிற்பட்டது. எனினும் இத்தகைய கலவைகளைக் குறையற்ற மெல்லிய தாளாக, கிலோமீற்றர் கணக்கில், மலிவாக உற்பத்தி செய்வதே இன்றுள்ள சவால்.

இதில் எமக்கென்ன எனக் கேட்கலாம். பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகின்றது. 2008 முதல் நாட்டில் நனோ தொழில்நுட்ப நிறுவனமொன்றும் உண்டு. ஆயினும் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கு ஆசிரியரின்றித் தவிக்கும் பெருந்தோட்டப் பாடசாலைகளிலிருந்து அவ்வாசல்களுக்குச் செல்வோர் எத்தனை பேர்? லுணுகலையின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் இத்தகைய பொருள்களைப் பயன்படுத்துவோராக மட்டுமன்றி, ஆக்குவோராகவும் உயர வேண்டும். அதற்கான முதற்படி பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பிக்க ஓர் ஆசிரியரே. அதனை உரியவர்கள் இனியும் தாமதிக்கலாகாது என்பதே எமது வேண்டுகோள்.