மேஜை மேல் ஒரு வான்சண்டை: ஐந்து வெள்ளிக்கிழமை ஆடினோம்... ஒரு ஆளை நான்தான் கொன்றேன்!

முதல் வெள்ளிக்கிழமை என் விமானி இருபதே நிமிடத்தில் செத்துப்போனான். எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. இன்னொரு அட்டை விமானத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி பாய்ந்தேன். அதுவும் போனது. சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனோம்.

நான்காவது வெள்ளிக்கிழமை எங்கள் ப்ரூஃப் ரீடர் சாரின் ஆள் செத்துப்போனான். என்னால்தான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அதே மேஜை, அதே பகடைதான். நடுவில் நாங்கள் செய்தது ஒரே ஒரு மாற்றம். தனித்தனி ஆட்டங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தால் கோத்துவிட்டோம்.

டேபிள்டாப் வார்கேம் என்பது பழைய பொழுதுபோக்கு. அறுகோணக் கட்டம் போட்ட தாள், சின்னச் சின்ன விமானங்கள், பகடை. அடுத்த நகர்வை எல்லோரும் ரகசியமாக ஒரு துண்டுச்சீட்டில் எழுதுவார்கள். பிறகு ஒரே நேரத்தில் நகர்த்துவார்கள். எதிரி எங்கே திரும்புவான் என்று ஊகிப்பதில்தான் சுவாரஸ்யமே. 2004-ல் இத்தாலியில் வெளிவந்த ‘விங்ஸ் ஆஃப் வார்’ மாதிரியான ஆட்டங்களில் சீட்டுக்குப் பதில் கார்டுகள் இருக்கும். எங்களிடம் அதெல்லாம் இல்லை. ஒரு சார்ட் பேப்பர், இரண்டு பகடை, லேஅவுட் அண்ணன் வெட்டித் தந்த அட்டைகள், அவ்வளவுதான். எடிஷன் முடிந்த பிறகு டெஸ்க்கில் ஏழு பேர் உட்கார்ந்தோம்.

முதல் நாள் ஜாலியாகத்தான் போனது. கிளம்பும்போது வீடியோ எடிட்டர் அக்கா கேட்டார்: “அடுத்த வாரமும் இதேதானா? சுட்டு, செத்து, மறுபடி சுட்டு?”

50 வருஷத்துக்கு முன்பே யோசித்தவர்கள்

அக்கா கேட்ட கேள்விக்கு அமெரிக்காவில் மைக் கார் என்பவர் 1968-லேயே பதில் வைத்திருந்தார். முதல் உலகப்போர் வான்சண்டையை வைத்து அவர் உருவாக்கிய ‘ஃபைட் இன் தி ஸ்கைஸ்’ ஆட்டத்தில் விமானம் வெறும் காய் இல்லை. அதில் பெயர் உள்ள ஒரு விமானி உட்கார்ந்திருப்பான். ஆட்டம் முடிந்து அவன் உயிரோடு திரும்பினால் அவனுடைய கணக்கு எழுதி வைக்கப்படும். அடுத்த ஆட்டத்துக்கும் அவனே வருவான். 1982-ல் ‘டான் பேட்ரோல்’ என்ற புதுப் பெயரில் இது மறுபடி வந்தது.

இன்னொன்று, 1980-களில் வந்த ‘பி-17: குயின் ஆஃப் தி ஸ்கைஸ்’. தனி ஆளாக ஆடலாம். ஒரு குண்டுவீச்சு விமானம், பத்துப் பேர் குழு, 25 பயணம். 1943-ல் இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்கக் குழுக்களுக்கு 25 பயணம் முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற விதி நிஜமாகவே இருந்தது. பகடை உருட்டுவதைத் தவிர அதில் நீங்கள் செய்வது குறைவு. ஆனாலும் 20-வது பயணத்தில் கை நடுங்கும் என்று ஆடியவர்கள் எழுதுகிறார்கள். அப்படியென்ன என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

இப்படிக் கோத்து ஆடுவதைத்தான் கேம்பெயின் என்கிறார்கள். தமிழில் தொடர் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மெட்ராஸ் பெயரில் ஒரு படைப்பிரிவு

தொடருக்கு ஒரு கதை வேண்டுமே! தேடும்போது கிடைத்த தகவல் எங்கள் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 234, 264 ஆகிய இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கும் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர். இரண்டாம் உலகப்போருக்காக சென்னை மாகாணத்திலிருந்து போன நன்கொடைக்கு நன்றியாக வைத்த பெயர். 234 பறந்தது ஸ்பிட்ஃபயரில். அது எல்லோருக்கும் தெரிந்த கதாநாயகன். நாங்கள் எடுத்துக்கொண்டது 264-ஐ.

காரணம், அவர்கள் ஓட்டிய டிஃபையன்ட் விமானம். அது ஒரு விசித்திரம். முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானிக்குச் சுடத் துப்பாக்கியே கிடையாது. அவருக்குப் பின்னால் சுழலும் கூண்டு ஒன்று, அதில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள், அவற்றை இயக்க ஒரு கன்னர். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் சுடுவார். அடிபட்டால் கூண்டுக்குள் இருப்பவர் வெளியே வருவது ரொம்பக் கஷ்டம்.

அதனால் ஒரு விமானத்துக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொண்டோம். நகர்வை எழுதுவது நான். சுடுவது ப்ரூஃப் ரீடர் சார், அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். எங்கள் ஜோடிக்கு மூன்று விமானம். லேஅவுட் அண்ணனும் சினிமா நிருபரும் சேர்ந்த ஜோடிக்கு மூன்று. எதிரில் ஜெர்மனிக்கு இரண்டு பேர். அக்கா நடுவர். விமானிகளுக்கு நாங்களே பட்டப்பெயர் வைத்தோம். அங்கே நிஜமாகச் செத்தவர்களின் பெயரை வைத்து விளையாட மனசு வரவில்லை.

264-இன் 1940-ஆம் வருடமே நான்கு அத்தியாயமாகத்தான் இருக்கிறது. மே 13: ஹாலந்துக்கு மேலே ஆறு டிஃபையன்ட்கள் போகின்றன. ஸ்டூகா குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கும்போது மெஸ்ஸர்ஷ்மிட் 109-கள் வந்துவிடுகின்றன. ஐந்து விழுகின்றன. மே 29: டன்கிர்க் கடற்கரை மேலே பெரிய வெற்றி. ஆகஸ்ட் கடைசி: லண்டனுக்குக் கிழக்கே ஹார்ன்சர்ச் தளத்திலிருந்து பறந்து, சில நாளிலேயே பலத்த இழப்பு. அதன் பிறகு பகல் சண்டையே வேண்டாம் என்று இரவுக் காவலுக்கு மாற்றப்படுகிறார்கள்.

தோற்பது தெரிந்த கதையில் ஜெயிப்பது எப்படி? இதற்கு நாங்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. வரலாற்றைவிட நன்றாகச் செய்தால் ஜெயித்ததாகக் கணக்கு. ஹாலந்திலிருந்து நிஜத்தில் திரும்பியது ஒன்று. நாங்கள் மூன்று விமானத்தோடு திரும்பினோம். பாதி போய்விட்டது. ஆனாலும் கைதட்டிக்கொண்டோம்.

நோட்டில் என்ன எழுதினோம்?

40 பக்க நோட்டு. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். எத்தனை முறை போனான், எத்தனை முறை திரும்பினான், எதை வீழ்த்தினான். இரண்டு முறை பத்திரமாகத் திரும்பியவனுக்கு ஒரு சலுகை உண்டு. ஆட்டத்துக்கு ஒரு தடவை பகடையை மறுபடி உருட்டலாம். அதற்கு மேல் எதுவும் இல்லை.

“இவ்வளவுதானா?” என்று சினிமா நிருபர் சண்டை போட்டார். தெருக் கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். அடிக்கிறவன் கையிலேயே பேட் இருந்தால் மற்றவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? ஜெயித்தவனுக்கு அள்ளிக் கொடுத்தால் தோற்றவன் அடுத்த வாரம் வரமாட்டான். தொடர் ஆட்டங்கள் பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணமே இதுதான் என்பேன். அதனால் விமானம் எத்தனை விழுந்தாலும் அடுத்த வாரம் புதிது வந்துவிடும். ஆனால் அதில் இருப்பவன் அனுபவமே இல்லாத புதுப் பையன். இரும்புக்கு மாற்று உண்டு, ஆளுக்குக் கிடையாது.

வராதவர்களுக்கும் ஒரு விதி வைத்தோம். ஜெர்மனி பக்கம் இருந்த தம்பிக்கு மூன்றாவது வாரம் நைட் ஷிஃப்ட் விழுந்தது. அவன் ஆட்கள் விடுப்பில் என்று எழுதிவிட்டோம். அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இது இல்லையென்றால் அவன் திரும்ப வந்திருக்க மாட்டான்.

பாராசூட்டில் குதித்தவன் கதி, கீழே இருப்பது யாருடைய மண் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்துக்கு மேலே குதித்த பிரிட்டிஷ் விமானி மறுபடி பறக்கலாம். அதே இடத்தில் குதித்த ஜெர்மன் விமானி போர்க்கைதி, அவன் பக்கம் மூடப்படும். 1940-ல் நிஜமும் இதுதான். இந்த ஒரு வரி விதியால், முதல் நாள் கண்டபடி பாய்ந்த ஜெர்மன் அணி ஆகஸ்ட் அத்தியாயத்தில் பூனை மாதிரி நடந்தது.

டிஃபையன்ட்டிலிருந்து குதிக்க, விமானிக்குப் பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். கன்னருக்கு 5 அல்லது 6. எழுதும்போது இது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது.

டன்கிர்க்கில் சொன்ன பொய்

டன்கிர்க்கில் மே 29 அன்று ஒரே நாளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக 264 சொன்னது. உண்மை அதைவிட ரொம்பக் குறைவு என்று பின்னால் தெரிந்தது. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. நாலு பேர் ஒரே விமானத்தைச் சுட்டால் நாலு பேரும் தன் கணக்கு என்றுதான் நினைப்பார்கள். இதை ஆட்டத்தில் எப்படிக் கொண்டுவருவது? அடிபட்ட விமானம் நிஜமாக விழுந்ததா என்பது நடுவருக்கு மட்டும் தெரியும். நாங்கள் கணக்கைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். நாங்கள் எழுதியது 9. அக்காவின் நோட்டில் 4.

இதன் விளைவு அடுத்த வாரம்தான் வந்தது. எதிரி பாதி காலி என்று தெம்பாகப் போனோம். கட்டத்தின் ஓரத்திலிருந்து 109-கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு ஆட்டத்தில் செய்த தப்பு அடுத்த ஆட்டத்தில் வந்து நிற்பதுதான் தொடரின் ருசி. தனி ஆட்டத்தில் இது கிடைக்கவே கிடைக்காது.

டன்கிர்க்குக்கு இன்னொரு விதியும் உண்டு. டிஃபையன்ட்டை ஹரிக்கேன் என்று தப்பாக நினைத்த ஜெர்மானியர்கள் பின்னாலிருந்து வந்து அந்த நான்கு துப்பாக்கியிடம் மாட்டினார்கள் என்பார்கள். அதனால் அன்று முதல் சில சுற்றுக்கு ஜெர்மன் அணி பின்னாலிருந்து மட்டுமே தாக்கலாம். அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. முன்னாலிருந்து, கீழேயிருந்து என எப்படி வேண்டுமானாலும் வரலாம்.

கீழேயிருந்துதான் வந்தார்கள்.

நான்காவது வெள்ளி

ஆகஸ்ட் 24-ஆம் தேதிச் சண்டை. மேஜையில் எங்கள் ஜோடிக்கு மிஞ்சியிருந்தது ஒரு டிஃபையன்ட். பின் இருக்கையில் ‘கண்ணாடி’. சார் தன் கன்னருக்கு வைத்த பெயர். ஹாலந்து, டன்கிர்க் இரண்டிலிருந்தும் திரும்பியவன். அவன் பக்கத்தில் மூன்று வீழ்த்தல். சார் அந்தப் பக்கத்தை மட்டும் அழகான கையெழுத்தில் எழுதியிருப்பார்.

எதிரில் புகைவிட்டுக்கொண்டு ஒரு ஜங்கர்ஸ் 88 திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மூன்று கட்டம் தள்ளி. எங்கள் பக்கத்து ஓரம் நான்கு கட்டம்.

“போதும்பா, திரும்பிடலாம்” என்றார் சார்.

“ஒரே ஒரு சுற்று சார்.”

நகர்வை எழுதுவது நான்தானே! எழுதிவிட்டேன். சீட்டுகளைத் திறந்தபோது இரண்டு 109-கள் எங்கள் வயிற்றுக்குக் கீழே இருந்தன. என் பகடையில் 4. நான் குதித்துவிட்டேன். சாருக்கு 2. மறு உருட்டு உரிமை இருந்தது. உருட்டினார். 3.

அவர் எதுவும் சொல்லவில்லை. ப்ரூஃப் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்குப் போய்ப் படித்தேன். நிஜத்தில் அதே ஆகஸ்ட் 24 அன்று, 264-இன் தலைவர் பிலிப் ஹன்ட்டர் கடைசியாகக் கண்ணில் பட்டது ஒரு ஜங்கர்ஸ் 88-ஐத் துரத்திப் போகும்போதுதான். அவரும் அவருடைய கன்னரும் திரும்பவில்லை. நாங்கள் பட்டப்பெயர் வைத்தது சரிதான் என்று தோன்றியது. அட்டையைப் புரட்டிப் போடுவதும் அதுவும் ஒன்றில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை சார் வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். புது கன்னர், புதுப் பக்கம். பெயர் இன்னும் வைக்கவில்லை.

“ஒரு கண்டிஷன். எந்தச் சுற்றில திரும்பணும்னு இப்பவே பேசி எழுதிக்கலாம். அப்புறம் மாத்தக்கூடாது.”

‘8’ என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இரவுச் சண்டையில் மேஜை மேல் எதிரியே இல்லை. குண்டுவீச்சு விமானம் எங்கே என்பது அக்காவின் தனித் தாளில் மட்டும். இரண்டு கட்டத்துக்குள் போனால்தான் கண்ணுக்குத் தெரியும். இருட்டுக்காக லைட்டில் பாதியை அணைத்துவிட்டு ஆடினோம். தேடினோம், தேடினோம். ஏழாவது சுற்றில் “ஏதோ நிழல் மாதிரி...” என்றார் அக்கா. லேஅவுட் அண்ணன் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். அவர் விமானம் பாய்ந்தது.

எட்டாவது சுற்று. நான் சாரைப் பார்த்தேன். சார் சீட்டைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் திருப்பி எழுதினேன்.

அண்ணனும் அந்த நிழலைப் பிடிக்கவில்லை. யாரும் ஒரு தோட்டாகூடச் சுடாமல் ஆட்டம் முடிந்தது. சார் நோட்டைத் திறந்து ‘போனது 1, திரும்பியது 1’ என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மூக்குப்பொடி’ என்று எழுதினார். நோட்டில் இன்னும் ஏகப்பட்ட பக்கம் மிச்சம் இருக்கிறது. அக்கா 234-இன் ஸ்பிட்ஃபயர்களை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.