ஒரு சிறு விளக்கும் சிதறிய கவனமும்

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் காலை, ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஹைதராபாத் பேகம்பேட்டையிலிருந்து சிறிய ஹெலிகாப்டரில் சித்தூருக்குப் புறப்பட்டார். காஞ்சிபுரத்து மக்களுக்குச் சித்தூர் அண்டை ஊர். அங்கே மக்கள் காத்திருக்க, ஹெலிகாப்டர் வந்து சேரவேயில்லை. மறுநாள்தான் நல்லமலைக் காட்டில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. இரு விமானிகள் உட்பட ஐவரும் இறந்திருந்தனர்.

மேலிருந்து கீழ்நோக்கி வீசிய கடுங்காற்றில் சிக்கியதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு கூறியது. ஆனால் அதற்கு முந்தைய நிமிடங்களைப் பற்றியும் அது பேசியது. எண்ணெய் அழுத்தத்தில் ஒரு கோளாறு தெரிந்தது. என்ன செய்வதென்று கையேட்டில் தேடுவதில் விமானிகளின் கவனம் போய்விட்டது. வெளியே வானிலை மோசமாகிக்கொண்டிருந்தது. அவர்கள் அரட்டை அடிக்கவில்லை, அலட்சியமாகவும் இல்லை, கடமையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கவனச்சிதறல் என்றாலே சோம்பல் என்று எண்ணும் நமக்கு இது சற்றுப் புதிது.

தரையிறங்கும் வேளையில் இதைவிடத் தெளிவாக நிகழ்ந்தது 1972 டிசம்பர் 29 இரவு அமெரிக்காவின் மயாமி அருகே நடந்த விபத்து. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 401 இறங்கத் தயாரானபோது, முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானத்தைச் சுமார் 2,000 அடியில் தானியங்கிக் கருவியிடம் விட்டுவிட்டு, விமானி அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த விளக்கிலேயே மூழ்கினர். இதற்கிடையில், உயரத்தைக் காக்கும் ஏற்பாடு அவர்கள் அறியாமலே விலகியது. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. எச்சரிக்கை மணி ஒலித்தும் ஒருவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதியதில் 101 பேர் மாண்டனர். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் கெட்டுப்போயிருந்தது!

நம் ஊர்த் தறியில் பாவில் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி இழையைப் பிணைத்துவிட்டுத் தொடர்கிறார். ஆகாயத்தில் அப்படி நிறுத்த இயலாது. ஆகவேதான், கோளாறு எதுவானாலும் ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டுமே பார்க்க வேண்டும், மற்றவர் கோளாறைக் கவனிக்க வேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். 10,000 அடிக்குக் கீழே பறக்கையில் பணிக்குத் தொடர்பில்லாத பேச்சே கூடாது என்று 1981-இல் அமெரிக்கா விதி வகுத்தது.

சிறிய விமானத்திலோ பெரும்பாலும் ஒரே விமானிதான். பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. அதனால் வரிசை முக்கியம்: முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அதன் பிறகே வானொலியில் பேசு. இறங்கும்போது பேசாதிருக்கும்படி பயணிகளையும் கேட்டுக்கொள்வதுண்டு. வேளாங்கண்ணிக்குப் போகும் வேனில் ஓட்டுநரின் அருகே அமர்ந்து ஊர்க்கதை பேசும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும்.

சக்கரங்களை இறக்க மறந்து, வயிற்றால் தரையில் உராய்ந்து நின்ற சிறு விமானங்கள் உலகில் ஏராளம். விமானி சரிபார்ப்புப் பட்டியலைப் படித்துக்கொண்டிருப்பார். நடுவில் வானொலியில் ஓர் அழைப்பு வரும், அல்லது பயணி ஏதோ கேட்பார். பதில் சொல்லிவிட்டுத் திரும்புகையில், அடுத்த வரியைப் படித்தாயிற்று என்று மனம் நம்பிவிடும். எனவே, பட்டியல் பாதியில் தடைப்பட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் வரியிலிருந்தே மீண்டும் படிக்கச் சொல்கிறார்கள் பயிற்சியாளர்கள்.