பழைய லேப்டாப்பில் சொந்த ஓ.டி.டி... கன்ட்ரோலர் மட்டும் ஏன் மக்கர் பண்ணுது?

காசு கொடுத்து வாங்கிய படம் நம்முடையதுதானே? 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வாங்கியவர்களுக்கு சோனி ஒரு அறிவிப்பை அனுப்பியது. 'நீங்கள் வாங்கியவை உங்கள் லைப்ரரியிலிருந்து நீக்கப்படும்' என்றது அது. வாடகைக்கு எடுத்ததில்லை, 'வாங்கு' பட்டனை அழுத்தி வாங்கியது! எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதத்துக்குள்ளேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். ஆனா, நம்ம அலமாரியோட சாவி யார்கிட்ட இருக்குன்னு அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு.

இன்னொரு பக்கம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற மறுக்கும் லேப்டாப்கள் பல வீடுகளில் பீரோ மேல தூங்குது. அதில் லினக்ஸ் போட்டால், உங்கள் டிவிடி, குடும்ப வீடியோ, பாட்டு எல்லாவற்றுக்கும் அதுவே லைப்ரரி. அப்படியே டிவியில் கேமும் ஆடலாம்.

இதற்கு இரண்டு இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் உண்டு. லேப்டாப்பை ஹெச்.டி.எம்.ஐ கேபிளில் டிவியோடு இணைத்து அதிலேயே பார்க்கப் போகிறீர்கள் என்றால் 'கோடி' போதும். 2002-ல் பழைய எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்து, 2014-ல் இந்தப் பெயருக்கு மாறியது. லேப்டாப் ஒரு மூலையில் கிடக்க, வைஃபை வழியா போனில் பார்க்கணுமா? 'ஜெல்லிஃபின்' போடுங்க. 'எம்பி' என்ற மென்பொருள் தன் கதவை மூடிக்கொண்டபோது, 2018-ல் அதிலிருந்து பிரிந்து வந்தது இது.

எதைப் போட்டாலும் பாதி வேலை ஃபைலுக்குப் பெயர் வைப்பதுதான். 'விக்ரம்' என்று மட்டும் இருந்தால், 1986-ல் வந்த கமல் படமா, 2022-ல் வந்த கமல் படமா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? 'விக்ரம் (1986)' என்று ஆண்டோடு எழுதி, படத்துக்கு ஒரு ஃபோல்டர் கொடுத்துவிட்டால் போஸ்டர், நடிகர்கள், கதைச்சுருக்கம் எல்லாம் தானாக வந்து உட்காரும். அக்கா கல்யாண வீடியோவை மட்டும் சினிமா ஃபோல்டரில் போட்டுடாதீங்க. ஏதோ ஒரு ஹாலிவுட் படத்தின் போஸ்டரை மாட்டிவிட்டுப் போய்விடும்! ஜெல்லிஃபினில் குடும்ப வீடியோக்களுக்கென்றே தனி லைப்ரரி வகை இருக்கிறது.

அந்தக் கல்யாண டிவிடியை இந்த மாசமே ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பழைய டிவிடிகள் வருஷம் போகப்போகப் படிக்க முடியாமல் போகும். தாத்தா குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது என்றால், இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு காப்பி.

சரி, கன்ட்ரோலர் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் பலர் வெறுத்துப்போய் விண்டோஸுக்கே ஓடுகிறார்கள்.

முதல் சந்தேகம் கேபிள் மேல. சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. கன்ட்ரோலரில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கோ எதுவுமே தெரியாது. அதே கேபிளில் போனிலிருந்து ஒரு போட்டோவை மாற்றிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

விலை குறைந்த கன்ட்ரோலர்களில் எக்ஸ்-இன்புட், டி-இன்புட், ஆண்ட்ராய்டு என்று பல மோடுகள் இருக்கும். லினக்ஸில் எக்ஸ்-இன்புட்டில் வைத்தால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராக எடுத்துக்கொள்ளும். பல மாடல்களில் ஹோம் பட்டனைச் சில நொடி அழுத்தினால் மோடு மாறும். பிஎஸ்5 கன்ட்ரோலருக்கு அந்தக் கவலை இல்லை. 2021-ல் வந்த 5.12 கெர்னலிலேயே சோனியே எழுதிக்கொடுத்த டிரைவர் இருக்கிறது. உங்கள் லினக்ஸ் அதைவிடப் பழசு என்றால் அப்டேட் பண்ணுங்க.

சிஸ்டத்தில் எல்லா பட்டனும் வேலை செய்யுது, கோடிக்குள் போனா மட்டும் பிணமா கிடக்குதா? உபுண்டு, டெபியனில் கோடியின் ஜாய்ஸ்டிக் ஆட்-ஆன் தனிப் பேக்கேஜ். 'கோடி பெரிஃபெரல் ஜாய்ஸ்டிக்' என்று தேடி நிறுவிவிட்டு, கோடி செட்டிங்ஸில் சிஸ்டம், இன்புட் என்று போய் பட்டன்களை ஒருமுறை அடையாளம் காட்டிவிடுங்கள்.

புளூடூத்தில் அடிக்கடி கட் ஆகிறது, கேரக்டர் தானா ஓடுது என்றால் கன்ட்ரோலரைத் திட்டுவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள். யு.எஸ்.பி 3.0 டிஸ்க்கும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது கிளப்பும் ரேடியோ இரைச்சல், புளூடூத் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறது. அதாவது, பார்த்துப் பார்த்துச் சேர்த்த சினிமா லைப்ரரியே கேமைக் கெடுக்குது! டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புளூடூத் டாங்கிள் என்றால் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, யு.எஸ்.பி 2.0 போர்ட்டில் செருகி, டிவிக்கு முன்பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால், ஜேஎஸ்டெஸ்ட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து ஸ்டிக்கைத் தொடாமல் பாருங்கள். எண்கள் தானாக நகர்ந்தால் அது ஸ்டிக் தேய்மானம். கேம் செட்டிங்ஸில் டெட்சோனைக் கொஞ்சம் கூட்டினால் இன்னும் சில மாசம் ஓட்டலாம்.