கைடை மூடினாள்... கவிதை திறந்தது! ஒரு நெமிலி மாணவியின் அரியர் கதை

நெமிலியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். சித்தி மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். சித்தப்பாவுக்கு ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை. அந்த வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் பிள்ளை அவள்தான். இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகள் பற்றிய பேப்பரில் இப்போது அரியர்.

"கைடுல இருந்த விமர்சகர் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணேன்க்கா. யாரு இன்னா சொன்னாங்கன்றதுதான் குழம்பிடுச்சு" என்றாள்.

"கவிதைகளைப் படிச்சியா?"

சிரித்தாள். பிறகு அலுப்போடு ஒரு கேள்வி கேட்டாள். "நம்மாளுங்க எதுக்குக்கா இங்கிலீஷ்ல கவிதை எழுதணும்?"

அறுபது வருஷமாகப் பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டது இந்தக் கேள்விக்காகத்தான் என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை.

132-ல் இருந்து 10

1963-ல் வெளியான ஓர் ஆங்கிலக் கவிதைக் கலைக்களஞ்சியத்தில் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ், இந்தியர்களின் ஆங்கிலக் கவிதை ஒரு முட்டுச்சந்து என்கிற ரீதியில் எழுதினார். கொல்கத்தாவில் 'ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப்' பதிப்பகத்தை 1958-ல் தொடங்கியிருந்த பி.லால் இதைச் சும்மா விடவில்லை. போஸின் கருத்தைக் கவிஞர்களுக்கு அனுப்பி, நீங்கள் ஏன் ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள் என்று கேட்டார். பதில்களையும் கவிதைகளையும் சேர்த்து, 1969-ல் 132 கவிஞர்களின் தொகுப்பாகக் கொண்டுவந்தார். கைத்தறிச் சேலைத் துணியில் அட்டை போடுவது அவர் பதிப்பகத்தின் அடையாளம்.

1976-ல் வந்த இன்னொரு தொகுப்பில் இடம் கிடைத்தது பத்தே பேருக்கு. தொகுத்தவர் திருச்சி அருகே திருப்பராய்த்துறையில் பிறந்த ஆர்.பார்த்தசாரதி. பத்தில் அவரும் ஒருவர். பெண் என்று பார்த்தால் கமலா தாஸ் மட்டும்தான்! ஒன்பது பெண் கவிஞர்களுக்கென்றே தனித் தொகுப்பை யூனிஸ் டிசோசா 1997-ல்தான் கொண்டுவந்தார்.

அமெரிக்க விமர்சகர் புரூஸ் கிங், 1987-ல் வேறு கோணத்தில் பார்த்தார். கவிதையோடு நிற்காமல் சிறுபத்திரிகை, பதிப்பகம், நண்பர் வட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு கவிஞரை எப்படி வளர்த்தன என்று ஆராய்ந்தார். அந்தப் புத்தகம் இன்றும் இந்தத் துறையில் முக்கியமானது.

கீழ் வீட்டில் தமிழ், மாடியில் ஆங்கிலம்

தங்கச்சியை நிமிர்ந்து உட்கார வைத்தது ஏ.கே.ராமானுஜன் கதை. மைசூரில் 1929-ல் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. கீழே அம்மாவிடம் தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவிடம் ஆங்கிலம், தெருவில் கன்னடம். 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போனவர் கையில், உ.வே.சா. 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33. ஐந்தே வருஷத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து, சங்கக் கவிதையை உலகத்துக்குக் காட்டியது.

"குறுந்தொகையா? நமக்கு ஸ்கூல்லயே இருந்துச்சேக்கா!"

ஆமாம். அவர் சிகாகோவில் கண்டெடுத்ததை இவள் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறாள்.

ராமானுஜனின் ஆங்கிலத்துக்கும் அவருடைய தமிழ், கன்னடத்துக்கும் என்ன உறவு என்பதிலும் பெரிய விவாதம் நடந்தது. பார்த்தசாரதி ஒரு விதமாகச் சொல்ல, கவிஞர் அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா 1980-களில் அதைக் கடுமையாக மறுத்தார். பல மொழி தெரிந்த ஒருவரின் மொழிகளைத் தனித்தனி அடுக்காகப் பிரிக்க முடியாது என்பது அவர் கட்சி. பார்த்தசாரதியும் ஆங்கிலத்தோடு நின்றுவிடவில்லை. 1993-ல் சிலப்பதிகாரத்தை மொழிபெயர்த்தார். அதற்கு 1996-ல் கிடைத்த பரிசின் பெயர் என்ன தெரியுமா? ஏ.கே.ராமானுஜன் பரிசு!

அரியர் எழுதுபவர்களுக்கு...

இதே பேப்பரோடு மல்லுக்கட்டும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதலில் கவிதையை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அது என்ன சொல்கிறது என்று தமிழில் நாலு வரி எழுதிப் பாருங்கள். விமர்சகர்களிடம் அதற்குப் பிறகு போகலாம். அவர்களே ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதபோது, நமக்கும் ஒரு கருத்து இருப்பதில் தப்பில்லை. யார், எதற்காக, யாருக்குப் பதிலாகச் சொன்னார் என்று தெரிந்தால் பெயர்கள் குழம்பாது.

"அப்போ தமிழ் மீடியம்ன்றது இதுல மைனஸ் இல்லையாக்கா?" என்று கேட்டாள் தங்கச்சி. இல்லை என்றேன். ஆங்கிலத்தில் எழுதித்தான் பாஸாக வேண்டும், அதற்கு உழைக்கணும் என்பதையும் சொன்னேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு கைடை மூடிவிட்டு, போனில் ராமானுஜன் கவிதை ஒன்றைத் திறந்தாள். மூன்று வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை. அகராதியில் பார்த்துக்கொண்டாள்.

"இன்னாடி, தூங்காம தனியா பேசிக்கினு இருக்க?" என்று உள்ளேயிருந்து சித்தி குரல் கொடுத்தார்.

"கவிதைம்மா. வா, அர்த்தம் சொல்றேன்" என்றாள்.