பாட்டி போட்ட கேஸ் எங்கே இருக்கிறது?

கேட்ட கோப்பு மேசைக்கு வந்து சேரும் நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை போகலாம்! கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம். நம்மவர்கள் வாயில் இன்னும் ஜாலான் டூத்தாதான். பையை வெளியே வைத்துவிட்டு, பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தால், பழுப்பேறிய காகிதம் ஒன்று நம் குடும்பத்தில் யாரும் வாய் திறக்காத கதையைச் சொல்ல ஆரம்பிக்கும்.

ஜெஞ்சாரோம், பந்திங், கேரித் தீவு, தெலுக் பங்லீமா காராங் என்று கோலலங்காட் பக்கத்துத் தோட்டங்களில் வேர்விட்ட குடும்பம் எதை எடுத்தாலும் இப்படி ஒரு கிசுகிசு இருக்கும். "பெரிய பாட்டிக்கு மூத்த புருஷன் ஒருத்தர் இருந்தாராமே?" என்று யாராவது ஆரம்பித்தால், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று அத்தை அடக்கிவிடுவார். வம்சாவளி தேடுகிறவருக்கோ அந்தப் பேச்சுதான் புதையல்! சண்டை சச்சரவில்லாமல் வாழ்ந்து முடித்த தம்பதி அரசாங்கத்திடம் அதிகமாக எதையும் விட்டுப்போவதில்லை. பிரிந்தவர்கள்தான் மனு, வாக்குமூலம், சாட்சி, உத்தரவு என்று விட்டுப்போகிறார்கள். குடும்பம் எதை மறைத்ததோ, அதைத்தான் நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது.

இங்கே ஒரு உள்வீட்டு ரகசியம். தாத்தா காலத்துத் தோட்டத்துப் பிரிவைத் தேடும்போது 'விவாகரத்து' என்று தேடவே கூடாது! முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன்பு அம்மன் கோயிலில் தாலி கட்டிய கல்யாணத்தைப் பதிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆண் ஒருவர் இரண்டாவதாகக் கட்டிக்கொள்வதற்கும் சட்டத் தடையில்லை. 1952ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் ஒருதார மணங்களுக்கு மட்டும்தான். தேவாலயத்திலோ பதிவகத்திலோ மணந்தவர்கள் அதன்கீழ் நீதிமன்றம் ஏறலாம். ரப்பர் மரம் சீவிய ஒரு முனியம்மாவுக்கு அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் கதையே வேறு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் முஸ்லிம் திருமணத்தையும் தலாக்கையும் பதிவதற்கு 1880லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரே ஊரிலிருந்து கப்பலேறிய இரண்டு வீடுகளின் காகிதங்களுக்கு இடையே நூறு வருஷம்!

தோட்டத்தில் பிரிவு எப்படி நடந்தது? கங்காணி, பெரியவர்கள், கோயில் முன்பு பஞ்சாயத்து. தாலியைத் திருப்பிக் கொடுத்து, பரிசப் பணத்துக்குக் கணக்குப் பார்த்துத் தீர்த்துவிடுவார்கள். காகிதம் கிடையாது. ஆனால் பஞ்சாயத்தில் அடங்காத சண்டை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். அங்கேதான் நமக்கு இரண்டு வாசல் திறக்கிறது.

முதல் வாசல் ஜீவனாம்சம். மனைவியையும் பிள்ளைகளையும் கவனிக்காத கணவனிடம் செலவுக்குப் பணம் கேட்கும் வழக்கு இது. இதற்கென்றே 1950இல் தனிச் சட்டம் வந்தது, இன்றும் இருக்கிறது. விவாகரத்து ஆகாமலே பெண் கேஸ் போட்டிருப்பாள். இரண்டாவது வாசல்தான் சினிமா! தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு. அடுத்தவன் மனைவியை ஆசைகாட்டிக் கூட்டிக்கொண்டு போனால் குற்றம். 'என் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்' என்று புருஷன்மார் புகார் கொடுத்தது இந்தப் பிரிவின்கீழ்தான். மனைவியைக் கணவனின் சொத்தாக நினைத்து எழுதிய பிரிவு அது. 2023 டிசம்பர் 15ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்துத் தூக்கி எறிந்தது. போகட்டும், நல்லதுதான்! ஆனால் அந்தப் பொல்லாத சட்டம் நமக்கு ஒன்றை விட்டுப்போயிருக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறிய பெண்ணின் பேச்சு. அவள் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்க, மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். கணவர் அடித்தாரா, சம்பளத்தைப் பிடுங்கினாரா, எந்த லயத்தில் குடியிருந்தாள், ஏன் போனாள் என்பதெல்லாம் அதில் வரலாம். தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் வெறும் பெயராக இருந்தவள் இங்கே வாய் திறக்கிறாள். வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூலில் மலாயாத் தோட்டத்து இந்தியப் பெண்களை இப்படிப்பட்ட ஆவணங்களிலிருந்துதான் மீட்டுக் கொண்டுவருகிறார்.

தேடுவது எப்படி? வீட்டிலிருந்தே தொடங்கலாம். காப்பகத்தின் இணையப் பட்டியலில் கோப்புத் தலைப்புகளைத் தேடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய மலாயா ஆங்கில நாளேடுகளும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் கிடைக்கின்றன. கிள்ளான் கோர்ட் வழக்கு ஒன்று நாலு வரிச் செய்தியாக அங்கே பதுங்கியிருக்கலாம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் கை வெறுங்கைதான். முனியம்மா ஒரு தாளில் முனியம்மாள், இன்னொன்றில் முனியம்மை, ஆங்கிலத்தில் ஒற்றை 'எம்'மா இரட்டையா என்பது அன்றைய கிராணியின் விருப்பம். அதனால் தோட்டத்தின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். நம்மவர்கள் தோட்டத்துக்கு வைத்த பெயர் அல்ல, தொரைமார் கம்பெனி எழுதிய பெயர்!

முஸ்லிம் அல்லாதவர்களின் 1982க்குப் பிந்தைய பிரிவு என்றால் உயர் நீதிமன்றம்தான். சிலாங்கூரில் இன்று ஷா ஆலத்தில் உயர் நீதிமன்றம் இருக்கிறது. அது வருவதற்கு முன்பு சிலாங்கூர் வழக்குகள் கோலாலம்பூரில் நடந்தன. இன்னொரு ரகசியம் சொல்லட்டுமா? இன்றைய வழக்கு எண்ணில் 33 என்று இருந்தால் அது மணவிலக்கு மனு. பக்கத்தில் 'ஜேபி' என்றால் இருவரும் சேர்ந்தே கேட்டது. மனுவில் என்னென்ன இருக்கும் தெரியுமா? கல்யாணத் தேதி, இடம், குடியிருந்த வீட்டு முகவரி, இருவரின் தொழில், பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள். ஒரே தாளில் பாதி வம்சாவளி!

காப்பகக் கோப்புகள் பொதுவாக 25 ஆண்டு கடந்த பிறகே திறக்கும். அண்மைக்கால வழக்கென்றால் நீதிமன்றப் பதிவகத்திலோ வழக்கறிஞரின் கிராணி மூலமாகவோ 'சேர்ச்' போட வேண்டும். அதில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோப்பின் படத்தைப் போடாதீர்கள். கரையானும் போரும் தின்ற கோப்புகளும் உண்டு. ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு, அடுத்த தோட்டம், கணவன் பெயர் என்று திருப்பித் திருப்பிப் போடுங்கள்.

கிடைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வம்சாவளிப் படத்தில் பாட்டியின் பெயரிலிருந்து இரண்டாவது கோடும் இழுங்கள். விட்டுப்போன புருஷன், பிறகு சேர்ந்தவர், இரண்டு பக்கத்துப் பிள்ளைகள், எல்லாரும் படத்தில் ஏறட்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி தோட்டத்திலிருந்து பட்டணம் போய் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று பேசியிருக்கிறாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்!